கம்பஸோ கொண்ட்ராக்டோ: கையெழுத்து வைக்க முதல் பாக்கவேண்டிய அலுவல்கள்

ஏஎல் எழுதிப்போட்டு நிக்கிற, இல்லாட்டி கம்பஸில முதலாம் ரெண்டாம் வருசம் படிக்கிற விளையாட்டுக்காரப் பெடியளுக்கும் பிள்ளையளுக்கும்தான் இதை எழுதிறன். கொழும்பில ஒரு கிளப் கூப்பிடுது, ஒரு பாங்க் தங்கட ரீமுக்குக் கேக்குது, ஆரோ ஒரு ஏஜென்ட் மாலைதீவு எண்டு வாட்சப்பில வாறான், வீட்டில அம்மா முதல்ல டிகிரியை முடி எண்டுறா, மாஸ்ரர் சான்ஸ் ரெண்டாம் தரம் வராது எண்டுறார். ரெண்டு பேர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டு பேருமே உங்களுக்கு வந்த பேப்பரை இன்னும் வாசிக்கேல்ல. நான் இஞ்ச யாழ்ப்பாணத்தில பாத்த அளவில படிப்பைத் தெரிவு செய்து கெட்டவையும் குறைவு, விளையாட்டைத் தெரிவு செய்து கெட்டவையும் குறைவு. ஒண்டையும் தெரிவு செய்யாமல், லெக்சருக்கும் ஒழுங்கா போகாமல், கிளப்பிலயும் எழுத்தில ஒண்டும் இல்லாமல், பீடத்துக்கு ஒரு லெற்றர் குடுக்காமல் ரெண்டு வருசம் கொழும்பு பஸ்ஸில ஏறி இறங்கி கடைசியில ரெண்டையும் விட்டவைதான் கூட. அதால எதை எடுக்கிறதெண்டு நான் சொல்லப்போறதில்லை, எடுக்கிறதை எந்த ஒழுங்கில எடுக்கிறது எண்டுதான் சொல்லப்போறன்.

1. வந்திருக்கிறது என்ன மாதிரி ஓஃபர்?

எங்கட ஆக்கள் காசு வாற எல்லாத்தையும் "புரோ" எண்டு சொல்லிப்போடுவினம். அதுக்குள்ள நாலு சாமான் இருக்கு, நாலும் வேற வேற.

ஒண்டு, மட்ச் காசு. விளையாடின அண்டைக்குக் கையில தருவினம், போக்குவரத்தும் சாப்பாடும் தருவினம், வெளிநாட்டில இருக்கிற ஊர்க்காரர் ஸ்பொன்சர் பண்ற ரூர்னமெண்ட் எண்டா கொஞ்சம் கூடவும் வரும். இது நல்ல பொக்கற் மணி, இதுக்காக ஒரு ஆளும் கம்பஸை விடத் தேவையில்லை, சனி ஞாயிறில விளையாடலாம்.

ரெண்டு, கிளப் கொண்ட்ராக்ட். சீசனுக்கு இவ்வளவு, மாசம் இவ்வளவு எண்டு எழுத்தில இருக்கும். கிரிக்கெட்டிலயும் புட்போலிலயும் கொழும்புக் கிளப்புகள் இப்பிடித்தான் எடுக்கிறது.

மூண்டு, வேலையோட விளையாட்டு. பாங்க், பெரிய கொம்பனி, அதோட ஆமி, நேவி, எயார்போர்ஸ், பொலிஸ் கிளப்புகள். நெற்போல், வொலிபோல், அத்லெற்றிக்ஸ் செய்யிற ஆக்களுக்கு இந்த நாட்டில நிரந்தரச் சம்பளம் எண்டு வாறது பெரும்பாலும் இந்த வழியாலதான். ஓட்டக்காரருக்கும் கோலூண்டிப் பாயிறவைக்கும் கிளப் சம்பளம் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. சாவகச்சேரி இந்துவில இருந்து புவிதரனும் மகாஜனாவில இருந்து அனித்தாவும் கோலூண்டிப் பாய்தலில தேசிய சாதனை வரைக்கும் போனவை, ஆனா தேசிய சாதனை எண்டுறது தன்பாட்டில மாசச் சம்பளமா மாறாது. படைகளின்ர கிளப்பில சேருறது எங்கட வீடுகளில லேசான கதையில்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். அதில நான் புத்தி சொல்ல வரேல்ல, ஆனா சேருறதெண்டா விளையாட்டு முடிஞ்ச பிறகும் எத்தினை வருசம் சேவையில நிக்கோணும் எண்டதைக் கேட்டு எழுத்தில வாங்குங்கோ.

நாலு, பிரான்சைஸ் லீக்கும் வெளிநாடும். எல்பிஎல் (லங்கா பிரிமியர் லீக் கிரிக்கெட்) மாதிரி. எல்லாரும் கனவு காணுறது இதை, கிடைக்கிறது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்களுக்கு. யாழ் மத்தியில படிச்ச வியாஸ்காந்த் 2020ல ஜவ்னா ஸ்ராலியன்சுக்கு விளையாடேக்க அவருக்கு 19 வயசுகூட ஆகேல்ல, முதல் விக்கெட் அஞ்சலோ மத்யூஸ், பிறகு 2024ல ஹசரங்கவுக்குப் பதிலா ஹைதராபாத் ரீமுக்குப் போய் ஐபிஎல்லும் விளையாடினவர். அதைப் பாத்து பெருமைப்படுங்கோ, நானும் பெருமைப்பட்டனான். ஆனா 2020ல எல்பிஎல் தொடங்கினதில இருந்து யாழ்ப்பாணம் எண்ட பேரில இருக்கிற ரீம் நாலு தரம் கப் அடிச்சிருக்கு, அந்த நாலு ரீமிலயும் யாழ்ப்பாணத்துப் பெடியள் எத்தினை பேர் பதினொண்டுக்குள்ள நிண்டவை எண்டும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

உங்களுக்கு வந்தது இந்த நாலில எது எண்டு ஒரு பேப்பரில எழுதுங்கோ. எழுத முடியேல்ல எண்டா உங்களுக்கு இன்னும் ஓஃபர் வரேல்ல, கதைதான் வந்திருக்கு.

2. அமெரிக்காக் கதையை அப்பிடியே இஞ்ச கொண்டுவராதேங்கோ

யூரியூப்பில பாத்துப்போட்டு பெடியள் கேக்கிறது, அங்க கொலிஜை விட்டிட்டு என்பிஏக்கு, அதாவது அவையின்ர பாஸ்கற்போல் லீக்குக்குப் போகேல்லையோ எண்டு. போறவைதான். ஆனா அங்க கொலிஜ் ரீம்தான் லீக்குக்குப் போற வாசல். என்பிஏக்குப் போக 19 வயசாகோணும், அமெரிக்கப் பெடியன் எண்டா ஹைஸ்கூல் முடிச்சு ஒரு வருசமும் போயிருக்கோணும். என்எஃப்எல்லுக்கு, அதாவது அமெரிக்கன் புட்போல் லீக்குக்கு, ஹைஸ்கூல் முடிச்சு மூண்டு வருசம் போயிருக்கோணும். அதால திறமையான பெடியள் எல்லாம் கொலிஜுக்குள்ளால வந்துதான் ஆகோணும், ஸ்கவுட்மாரும் அங்கதான் நிப்பினம். 2021 ஜூலைக்குப் பிறகு கொலிஜில இருந்துகொண்டே தன்ர பேர், படம் இதுகளை வித்துக் காசு உழைக்கலாம் எண்டு விட்டாச்சு, 2025ல கோர்ட்டில ஒரு தீர்வு வந்து கொலிஜே நேரடியா விளையாட்டுக்காரருக்குக் காசு குடுக்கலாம் எண்டும் ஆச்சு. அதால இப்ப அங்க கன பேர் காசுக்காகவே இன்னொரு வருசம் கொலிஜில நிக்கினம், முந்தி காசுக்காக விட்டிட்டுப் போனவை.

விட்டிட்டுப் போனவையிலயும் திரும்பி வந்து முடிச்ச ஆக்கள் இருக்கினம். மைக்கல் ஜோர்டன் மூண்டாம் வருசத்தோட 1984ல போனவர், 1986ல டிகிரியை முடிச்சவர். ஷகீல் ஓ'நீல் 1992ல போனவர், 2000ல முடிச்சவர். வின்ஸ் கார்ட்டர் 2001ல, பிளேஓஃப் தொடரின்ர கடைசி, ஏழாவது மட்ச் நடக்கிற அண்டைக்குக் காலமை பட்டமளிப்புக்குப் போயிட்டு பின்னேரம் விளையாடப் போனவர். கடைசி ஷொட் விழேல்ல, அதுக்கு அந்த கவுண்தான் காரணம் எண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கிற ஆக்கள் இருக்கினம்.

எங்கட கம்பஸ் லீக்குக்குப் போற வாசல் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியள் நல்ல போட்டியள்தான், ஆனா அதைப் பாத்து கொண்ட்ராக்ட் நீட்டிக்கொண்டு ஆரும் வாறதில்லை. இஞ்ச கிளப்புகள் பாக்கிறது பள்ளிக்கூட வயசில, 17, 18, 19ல. அதால எங்களுக்கு முடிவு எடுக்கிற நேரமும் அங்கத்தையை விட முன்னுக்கே வருது.

3. ஏஎல்லுக்கும் கம்பஸுக்கும் இடையில கிடக்கிற அந்தக் காலம்

எங்கட நாட்டில ஏஎல் எழுதி, ரிசல்ட் வந்து, இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் தொடங்க ஒரு வருசம், சில பச்சுக்கு அதுக்கும் மேல போகுது. எல்லாரும் இதைத் திட்டுவினம். விளையாட்டுக்காரருக்கு மட்டும் இது சும்மா கிடைச்ச சோதனைக் காலம். ஒண்டையும் விடாமல் ஒரு முழு சீசன் கொழும்பில போய் விளையாடிப் பாக்கலாம்.

செய்யவேண்டியது, ஏஎல் கடைசிப் பேப்பருக்கு ரெண்டு மூண்டு மாசம் முதலே மாஸ்ரருக்குச் சொல்லி எந்தக் கிளப் எப்ப டிரயல் வைக்குது எண்டு கேட்டு வைக்கிறது. பேப்பர் முடிஞ்ச கையோட போறது. அங்க மாமா வீடோ சித்தி வீடோ இருந்தா முதல் மாசம் அங்க நில்லுங்கோ, றூம் எடுக்க அவசரப்படாதேங்கோ. ஒரு சீசன் முடியேக்க உங்களுக்கே தெரியும், பென்ஞ்சில இருந்தனியளோ பதினொண்டில இருந்தனியளோ எண்டு.

இஞ்ச ஒரு விசயம் சொல்லோணும். ஊரில கிடைக்கிற பேரை வைச்சு உங்களை அளக்காதேங்கோ. மத்திக்கும் சென் ஜோன்சுக்கும் 1904ல இருந்து நடக்கிற வடக்கின் போரில ஒரு செஞ்சரி அடிச்சா அடுத்த நாள் காலமை ரீக்கடையில காசு வாங்கமாட்டினம், உண்மைதான். ஆனா கொழும்பில டிரயல் வைக்கிற ஆளுக்கு அது ஒரு ஸ்கோர் கார்ட் மட்டும்தான். உங்களைப் பற்றிக் கேக்கிறதெண்டா உங்கட மாஸ்ரரை விட்டிட்டு உங்களுக்கு எதிரா விளையாடின ரீமின்ர கோச்சிட்டக் கேளுங்கோ, "சேர், நீங்கள் எடுக்கிறதெண்டா என்னை எடுப்பியளோ?" எண்டு நேராவே. அவர் ரெண்டு செக்கன் யோசிச்சார் எண்டா அதுவும் ஒரு பதில்தான். அத்லெற்றிக்ஸ்காரருக்கு இந்தக் கரைச்சல் இல்லை, கடிகாரமும் ரேப்பும் பொய் சொல்லாது, உங்கட நேரத்தை இந்த வருச தேசிய மட்டத்து முதல் மூண்டு பேரின்ர நேரத்தோட வைச்சுப் பாத்தாச் சரி.

ஏஎல் மூண்டு தரம் எழுதலாம் எண்டதையும் மனசில வையுங்கோ, ஆனா "மூண்டாம் ஷையில பாப்பம்" எண்டு விளையாடப் போறது ஆபத்து, ரெண்டு வருசம் புத்தகத்தைத் தொடாமல் விட்டவனுக்கு இரசாயனவியல் திரும்ப வராது.

இன்னொண்டு, தேசிய மட்டத்திலயோ சர்வதேச மட்டத்திலயோ செய்து காட்டின பிள்ளையளுக்கு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதியில ஒரு சின்னப் பங்கு இடம் வைச்சிருக்கு. இதுக்கு வேற விண்ணப்பம் போடோணும், சேர்டிபிகேட் எல்லாம் இணைக்கோணும், ஆணைக்குழுவின்ர அனுமதிக் கைநூலில இருக்கு. சப்ரகமுவவிலயும் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவிலயும் விளையாட்டு விஞ்ஞானம் சம்பந்தமான டிகிரி இருக்கு, அதுகளைப் பற்றியும் அதே கைநூலில வாசிக்கலாம். கனபேர் கைநூலை மெடிசினுக்கும் இஞ்சினியரிங்குக்கும் மட்டும் பிரட்டிப்போட்டு மூடிவிடுகினம்.

4. கம்பஸுக்குள்ள வந்திட்டியள் எண்டா: லெற்றர், லெற்றர், லெற்றர்

இதுதான் ஆரும் சொல்லிக் குடுக்காத பகுதி, கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

முதல்ல வரவு. 80 வீதம் வரவு இல்லாட்டி சோதினை எழுத விடமாட்டினம். 15 லெக்சர் எண்டா 12க்காவது நிக்கோணும், மூண்டுதான் விடலாம். கொழும்பில வெள்ளி பின்னேரம் பிரக்டிஸ், சனி ஞாயிறு மட்ச், ஞாயிறு இரவு பஸ் ஏறி திங்கள் காலமை யாழ்ப்பாணத்தில இறங்கி எட்டு மணி லெக்சர் எண்டு ஒரு செமெஸ்ரர் ஓடலாம், ரெண்டாம் செமெஸ்ரர் உடம்பு விடாது. அப்ப வெள்ளி லெக்சரும் திங்கள் லெக்சரும்தான் முதல்ல போகும். பதிவு செய்யேக்கயே விருப்பப் பாடங்களை செவ்வாய் புதன் வியாழனுக்குள்ள வாற மாதிரி எடுக்க ஏலுமோ எண்டு பாருங்கோ.

அடுத்தது சோதினை. சோதினையும் மட்சும் ஒரே நாளில வந்து நீங்கள் சொல்லாமல் மட்சுக்குப் போனா, அடுத்த வருசம் அந்தப் பேப்பரை ரிப்பீட்டாத்தான் எழுதோணும், கன பீடங்களில ரிப்பீட்டுக்கு நீங்கள் எவ்வளவு நல்லா எழுதினாலும் சி-க்கு மேல போடமாட்டினம். அதே மட்சுக்கு முதலே லெற்றர் குடுத்து பீடச் சபை ஏற்றுக்கொண்டிருந்தா, அடுத்த முறை எழுதிறது முதல் தடவை எண்ட கணக்கில போகும், ஏ-யும் எடுக்கலாம், டிகிரியில கிளாஸ் எடுக்கிற வாய்ப்பும் போகாது. ஒரே மட்ச், ஒரே பேப்பர், வித்தியாசம் ஒரு தாள்தான்.

அந்தத் தாள் எப்பிடிப் போகோணும் எண்டா, சங்கமோ கிளப்போ உங்கட பேர், பதிவு இலக்கம், போட்டியின்ர பேர், எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரைக்கும் எண்டு எழுதி லெற்றர்ஹெட்டில தரோணும். அதை உடற்கல்வி அலகில குடுத்து அவையின்ர சிபாரிசோட பீடாதிபதிக்கு, கொப்பி துறைத் தலைவருக்கு, இன்னொரு கொப்பியில "கிடைத்தது" எண்டு சீலும் திகதியும் வாங்கி நீங்கள் வைச்சிருக்கோணும். போட்டிக்குப் போக முதல் குடுக்கோணும். போட்டு வந்து குடுத்தா அது மன்னிப்புக் கடிதம்தான். தேசிய ரீமுக்குப் போறதெண்டா பெரிய கரைச்சல் இல்லை, தனியார் கிளப்பின்ர மட்சுக்கு எண்டா அவை ஓம் எண்டும் சொல்லலாம் இல்லை எண்டும் சொல்லலாம், அதால கிளப்பில கையெழுத்து வைக்க முதலே பீடத்தில போய்க் கதைச்சுப் பாருங்கோ. ஒஃபிசில இருக்கிற கிளார்க் அக்கா ஒரு ஆள் போதும், எந்தத் திகதிக்குப் பீடச் சபை கூடுது, அதுக்கு எத்தினை நாள் முதல் லெற்றர் போகோணும் எண்டு விரல் நுனியில வைச்சிருப்பா. அவவிட்ட மரியாதையா கதையுங்கோ.

முழு சீசனுக்கும் போறதெண்டா இடையில லீவு எடுக்கிறது, அதாவது ஒரு கல்வி வருசத்தைப் பின்போடுறது. இதுக்குப் பீடச் சபையும் மூதவையும் அனுமதி தரோணும், டிகிரியை இத்தினை வருசத்துக்குள்ள முடிக்கோணும் எண்டு ஒரு உச்ச எல்லையும் இருக்கு, உங்கட பீடத்தின்ர எல்லை எவ்வளவு எண்டு பீடத்தின்ர கைநூலில பாருங்கோ. அனுமதியோட போனவன் திரும்பி வந்து ஜூனியர் பச்சோட இருந்து படிப்பான், கொஞ்சம் வெக்கமாயிருக்கும், அவ்வளவுதான். சொல்லாமல் போனவன் திரும்பி வரேக்க பதிவே புதுப்பிக்காமல் கிடக்கும். மகாபொல புலமைப்பரிசில் எடுக்கிற ஆக்கள், லீவில நிக்கிற வருசம் அந்தக் காசும் நிக்கும் எண்டதைக் கணக்கில எடுங்கோ. 2025ல அது மாசம் 7,500 ஆகினது, பெரிய காசில்லை எண்டாலும் சாப்பாட்டுக் காசு.

குமார் சங்கக்கார கொழும்புக் கம்பஸில சட்டம் படிச்சுக்கொண்டிருந்து கிரிக்கெட்டுக்காக முடிக்காமல் போனவர் எண்டு சொல்லி ஒருத்தரும் என்னோட சண்டைக்கு வராதேங்கோ. அவர் இடையில நிப்பாட்டேக்க கையில இருந்தது இலங்கை ரீமில இடம்.

5. கொண்ட்ராக்டை வாசிக்கிறது

ஒரு பெடியன் எனக்கு ஒரு கொண்ட்ராக்டைப் படம் பிடிச்சு அனுப்பினவன். இங்கிலீசில ரெண்டு பக்கம், மேல வடிவான லோகோ. சம்பளம் எழுதியிருக்கு. எந்தத் திகதியில இருந்து எண்டும் இருக்கு. எந்தத் திகதி வரைக்கும் எண்டது மட்டும் இல்லை, "கிளப் தீர்மானிக்கும் வரை" எண்டு கிடக்கு. காயம் வந்தா என்ன எண்டு ஒரு சொல் இல்லை. வேற இடத்தில விளையாட ஏலாது எண்டது மட்டும் மூண்டு வரியில தடிச்ச எழுத்தில. அதை எப்பிடி வாசிக்கிறது எண்டா, அவை உன்னை எப்பவும் விடலாம், நீ அவையை எப்பவும் விட ஏலாது. நான் கேட்டன், "கம்பஸ் சோதினைக்கு விடுவினமோ?" அவன் சொன்னான், "அண்ணை, அது கோச் வாயால சொன்னவர்" எண்டு. கோச் அடுத்த சீசன் வேற கிளப்புக்குப் போயிட்டார்.

அதால கையெழுத்து வைக்க முதல் பேனையால வட்டம் போட்டுத் தேடவேண்டியது: தொடக்கத் திகதி, முடிவுத் திகதி. சம்பளம் 12 மாசமோ சீசன் மாசமோ. எத்தினையாம் திகதி, எந்த வழியால, கையிலயோ பாங்கிலயோ. காயம் வந்தா சம்பளம் ஓடுமோ, ஒப்பரேசன் காசு ஆர், பிசியோ காசு ஆர். சோதினை மாசத்தில லீவு. தங்குமிடம் ஆர் தாறது. நடுவில விலகிறதெண்டா என்ன. முழங்காலில ஏசிஎல் எண்ட தசைநார் அறுந்தா ஒப்பரேசனுக்குப் பிறகு திரும்பி விளையாட ஒன்பது மாசத்தில இருந்து ஒரு வருசம் பிடிக்கும், சீசன் கொண்ட்ராக்ட்காரனுக்கு அதோட அந்தக் கொண்ட்ராக்டே முடிஞ்சிடும். சோதினை லீவை வாயால சொன்னா "சேர், அதை ஒரு வரி எழுதித் தருவியளோ" எண்டு கேளுங்கோ, நல்ல கிளப் எழுதித் தரும், தராத கிளப் ஏன் தரேல்ல எண்டதையும் விளங்கிக்கொள்ளுங்கோ.

புட்போல்காரர் பீபா (உலகப் புட்போல் சம்மேளனம்) விதியில நாலு விசயம் தெரிஞ்சு வைக்கோணும். எழுத்தில கொண்ட்ராக்டும், செலவுக் காசுக்கு மேல சம்பளமும் இருந்தாத்தான் நீங்கள் புரோ, மற்றதெல்லாம் அமெச்சூர். கொண்ட்ராக்ட் ஆகக் குறைஞ்சது அந்த சீசன் முடிவு வரைக்கும், ஆகக் கூடினது அஞ்சு வருசம், 18க்குக் கீழ எண்டா மூண்டு வருசத்துக்கு மேல போட ஏலாது. மெடிக்கல் பாஸ் பண்ணினாத்தான், விசா கிடைச்சாத்தான் இந்தக் கொண்ட்ராக்ட் செல்லும் எண்டு எழுத ஏலாது. ரெண்டு மாசச் சம்பளம் தராமல் இழுத்தா, 15 நாள் தவணை குடுத்து எழுத்தில அறிவிச்சு, அப்பவும் தராட்டி நியாயமான காரணத்தோட விலகலாம். இந்தக் கடைசி விசயம் தெரியாமல் மாலைதீவுப் பக்கம் போய் சம்பளமும் இல்லாமல் திரும்பவும் ஏலாமல் நிக்கக்கூடாது.

பாங்க், கொம்பனி வேலை எண்டா ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இருக்கோ எண்டு கேளுங்கோ. ஈபிஎஃபுக்கு உங்கட சம்பளத்தில 8 வீதம், அவை 12 வீதம், அதுக்கு மேல ஈரிஎஃப் 3 வீதம். அது இல்லாட்டி அவை உங்களை வேலைக்கு எடுக்கேல்ல, விளையாடத்தான் எடுக்கினம். விளையாட்டை விட்ட பிறகும் அதே வேலையில வைச்சிருப்பினமோ, ப்ரமோசன் மற்ற ஆக்களைப் போல வருமோ எண்டதும் முக்கியம், 30 வயசில கவுண்டரில நிக்கப்போற ஆள் நீங்கள்தானே.

6. காசுக் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு மாசம் 75,000 எண்டு வையுங்கோ. கேக்க நல்லாயிருக்கு. சீசன் ஏழு மாசம் எண்டா வருசத்துக்கு 525,000. அதைப் பன்னிரண்டால பிரிச்சா மாசம் 43,750. அதுக்குள்ள வெள்ளவத்தையில றூம் பங்கு, ரெண்டு நேரம் கடைச் சாப்பாடு, அதுவும் விளையாடுற உடம்புக்கு முட்டை, மீன், இறைச்சி வேணும், பூட்ஸ் இல்லாட்டி பட், பஸ்காசு, போன். உங்கட தொகையை வைச்சு இதே கணக்கைப் போடுங்கோ, வீட்டுக்கு அனுப்ப ஏதும் மிஞ்சுமோ எண்டு பாருங்கோ. மிஞ்சாட்டி போகக்கூடாது எண்டில்லை, ஆனா "உழைக்கப் போறன்" எண்டு வீட்டில சொல்லாதேங்கோ, "பழகப் போறன், ரெண்டு வருசம் பாருங்கோ" எண்டு சொல்லுங்கோ. அது உண்மை, அப்பாவும் அதை நம்புவார்.

7. கம்பஸ் மட்டும்தான் டிகிரி இல்லை

உள்வாரி இடத்தை விட்டிட்டு விளையாடப் போறதெண்டா, அல்லது இடமே கிடைக்கேல்ல எண்டா, வேற பாதை இருக்கு. திறந்த பல்கலைக்கழகத்தின்ர யாழ்ப்பாண நிலையம் கொக்குவிலில இருக்கு, இசட் ஸ்கோர் கேக்கமாட்டினம், விளையாடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமா பாடம் முடிக்கலாம். வெளிவாரி டிகிரி இருக்கு. குருநகர் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில எச்என்டி (உயர் தேசிய டிப்ளோமா) இருக்கு. உடற்கல்வி ரீச்சரா வரலாம் எண்டு நினைக்கிறவை கல்வியியற் கல்லூரிப் பக்கம் பாக்கலாம், மூண்டு வருசம், ரெண்டு வருசம் உள்ள, ஒரு வருசம் பள்ளிக்கூடத்தில பயிற்சி, ஆனா அந்த ரெண்டு வருசமும் ஹொஸ்டல்தான், கிளப் விளையாட்டு நினைக்க ஏலாது. எங்கட ஊரில வெளிவாரி எண்டா முகம் சுளிக்கிற ஆக்கள் இருக்கினம், வேலைக்கு எடுக்கிற இடத்தில அவை இருக்கப்போறதில்லை.

வெளிநாட்டு ஸ்கொலர்சிப் நினைக்கிறவைக்கு, எங்கட ஊரிலயே பழைய வழி ஒண்டு இருக்கு. யாழ் மத்தியில படிச்ச நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக்குகளில உயரம் பாய்ஞ்சவர், அமெரிக்காவில யூசிஎல்ஏயில படிச்சவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில 2.03 மீற்றர் பாய்ஞ்சு இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்தவர், பிறகு கோர்னெல்லில கலாநிதிப் பட்டமும் எடுத்தவர். படிப்பும் விளையாட்டும் ஒரே இடத்தில கிடைக்கிற வழி அது ஒண்டுதான் எண்டு நான் நினைக்கிறன். இண்டைக்கு அதுக்குப் போறதெண்டா அமெரிக்கக் கொலிஜ் விளையாட்டின்ர முதல் டிவிசனுக்கு பள்ளிக்கூடத்தில படிச்ச 16 முக்கிய பாடமும் ஆகக் குறைஞ்சது 2.3 ஜிபிஏயும் கேக்கினம், எஸ்ஏரி எண்ட அனுமதிச் சோதினை இப்ப தகுதிக்குத் தேவையில்லை எண்டாலும் சில கொலிஜ் அனுமதிக்குக் கேக்கும். பள்ளிக்கூடம் முடிச்சு கனகாலம் கழிச்சுப் போனா விளையாடக்கூடிய சீசன் குறையும், இஞ்ச புரோ கொண்ட்ராக்டில காசு வாங்கியிருந்தாலும் தகுதியில கேள்வி வரும், அதால இந்த எண்ணம் இருந்தா 3ம் பகுதியில சொன்ன கொழும்புச் சீசனுக்குப் போக முதல் இதை முடிவெடுங்கோ. ஸ்ருடன்ட் விசாவில போறவைக்கு 2ம் பகுதியில சொன்ன, பேரையும் படத்தையும் வித்து உழைக்கிறதும் லேசில சரிவராது.

இங்கிலாந்தில கிளப் கிரிக்கெட் விளையாட வா எண்டு கூப்பிடுற ஆக்களும் இருக்கினம். விசிட் விசாவில போய் காசு வாங்கி விளையாட ஏலாது, அதுக்கு விளையாட்டுக்காரர் விசாவும் அந்த விளையாட்டுச் சபையின்ர ஒப்புதலும் வேணும். "அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம் தம்பி" எண்டு ஒரு ஏஜென்ட் சொன்னா போனை வையுங்கோ. புட்போல் ஏஜென்ட் எண்டா பீபா லைசன்ஸ் இருக்கோணும், நேரா கேளுங்கோ. முன்காசு கேக்கிறவனுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

8. மருந்தும் பந்தயமும்

சுருக்கமா. ஜிம்மில விக்கிற சத்துமா, பவுடர் டப்பா எதையும் ரீம் டொக்டரிட்டக் காட்டாமல் குடிக்காதேங்கோ, ஊக்கமருந்துச் சோதினையில பிடிபட்டா "தெரியாமல் குடிச்சனான்" எண்டது செல்லாது, தடை வந்தா கொண்ட்ராக்டும் போயிடும். ஆரும் புது ஆள் வந்து போன் வாங்கித் தாறன், நாளைக்கு ஆர் விளையாடுறது, பிச் எப்பிடி எண்டு சும்மா கேட்டா அண்டைக்கே மனேச்சருக்குச் சொல்லுங்கோ. 2019ல வந்த சட்டப்படி மட்ச் பிக்சிங்குக்குப் பத்து வருசம் வரைக்கும் உள்ள போடலாம்.

9. வீட்டில கதைக்கிறது

இதை கடைசியில வைச்சதுக்குக் காரணம் இருக்கு, மேல சொன்னதெல்லாம் கையில இல்லாமல் போய்க் கதைச்சா அது சண்டையிலதான் முடியும். அப்பா நேரா "வேண்டாம்" எண்டமாட்டார், "உன்ர விருப்பம்" எண்டுவார், அதை விட மோசமான சொல் எங்கட வீடுகளில இல்லை. அம்மா கனடாவில இருக்கிற பெரியப்பாவுக்குப் போன் எடுப்பா. பெரியப்பா அங்க கடுங்குளிரில நிண்டு உழைச்சுக் காசு அனுப்பினவர், அவருக்கு உங்கட பந்துவீச்சைப் பற்றி ஒண்டும் தெரியாது, டிகிரி எண்டா என்ன எண்டு தெரியும். அவரோட வாதாடாதேங்கோ, பேப்பரைக் காட்டுங்கோ: கொண்ட்ராக்ட் முடியிற திகதி இது, கம்பஸ் லீவு அனுமதி இது, திரும்பி வந்து பதியவேண்டிய திகதி இது, மாசக் கணக்கு இது. "ரெண்டு சீசனுக்குள்ள முதல் பதினொண்டில நிரந்தரமா வரேல்ல எண்டா திரும்பி வருவன்" எண்டு நீங்களே ஒரு அளவு சொல்லுங்கோ, அவை சொல்ல முதல்.

பெண் பிள்ளையளுக்கு இதில இன்னொரு அடுக்கு இருக்கு. ஆரோட தங்கிறது, இரவு எத்தினை மணிக்கு பிரக்டிஸ் முடியுது, ஆர் கூட்டிக்கொண்டு வாறது எண்டுதான் முதல் கேள்வி, டிகிரி பிறகுதான். எரிச்சல் வரும், ஆனா அதுக்கும் பதில் எழுத்தில கொண்டுபோங்கோ, ஹொஸ்டலின்ர பேர், வோர்டனின்ர நம்பர், ரீமில ஏற்கனவே இருக்கிற ஒரு அக்காவின்ர நம்பர். அந்த அக்கா அம்மாவோட பத்து நிமிசம் போனில கதைச்சா நீங்கள் ஒரு மாசம் கதைக்கிறதை விடக் கூட வேலை நடக்கும். உதாரணத்துக்கு ஆள் தேடுற வீட்டுக்கு நெற்போல் விளையாடின தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லுங்கோ, இஞ்ச இருந்து போய் இலங்கை ரீமோட ஆசியக் கிண்ணம் எடுத்தவ, மெல்பேர்ணில கிளப்புக்கு விளையாடினவ. ஆனா அவவின்ர உயரம் உங்களுக்கு இல்லை எண்டு தம்பி பின்னுக்கு நிண்டு சொல்லுவான், அதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

எல்லாம் சரிவந்து போறதெண்டு முடிவானா, போக முதல் கிழமை செய்யவேண்டியது ரெண்டு. இப்ப விளையாடுற ஊர்க் கிளப்பிட்ட விடுவிப்புக் கடிதம் வாங்குங்கோ, ரெண்டு இடத்திலயும் பேர் இருந்தா சீசன் நடுவில பிரச்சினை கிளம்பும், ஊர்க் கிளப் தலைவர் கோவத்தில இழுத்தடிப்பார், ஒரு பெரிய ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஏஎல் ரிசல்ட், பிறப்புப் பதிவு, மாகாண, தேசிய மட்டச் சேர்டிபிகேட், கம்பஸ் லெற்றர்கள், கொண்ட்ராக்ட் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி உங்கட ஈமெயிலுக்கு அனுப்பிப்போட்டு, ஒறிஜினலை வீட்டில அம்மாவிட்டக் குடுத்திட்டு, கொப்பியோட பஸ் ஏறுங்கோ.